எட்டு மணிக்கு மேல் அக்கா

எனக்குப் பதினேழு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஏறக்குறைய நான்கு மாதம், எட்டு மணிவரை நான் நானாகவும் எட்டு மணிக்கு மேல் செத்துப்போன என் அக்காவாகவும் இருந்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆரம்பத்தில் நானும் சிரித்தவள்தான்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு சட்டம். அதைக் கெட்ட சட்டம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பதினெட்டு வயது முடியாதவர்களை இரவு எட்டு மணிக்கு மேலும் காலை ஆறு மணிக்கு முன்பும் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம்தான். நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது உட்கார விட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்க விட வேண்டும். இதையெல்லாம் தொழிற்சாலை கேண்டீன் சுவரில் மலாய் மொழியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் அக்காவின் சாப்பாட்டைச் சாப்பிடுவேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பத்தொன்பதாவது வயதில் டெங்கி காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள். அப்போது எனக்குப் பதினைந்து. அன்றிலிருந்து அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். அடியோடு நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. "சோறு இருக்கு", "கதவச் சாத்து" என்கிற அளவுக்குப் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதையும் விட்டாள். வாரம் ஒருமுறை அக்காவின் துணிகளை அலமாரியிலிருந்து எடுத்துத் துவைத்து, காயவைத்து, மடித்துத் திரும்ப உள்ளே வைப்பாள். யாரும் உடுத்தாத துணி எப்படி அழுக்காகும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மா சட்டைக் கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா லோரி ஓட்டுகிறவர். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருவார். வந்தாலும் தூங்குவார். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகிற பாதையில், மலிவு விலை பிளாட்டின் மூன்றாவது மாடியில், அம்மாவும் நானும் அந்தத் துணிகளும்தான் இருந்தோம். பள்ளி இறுதியான எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. பள்ளிக்கூடமும் இல்லாமல் முழு நாளும் அந்த வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. வேலைக்குப் போகிறேன் என்று நான் கிளம்பியதற்குக் காரணம் அதுதான். சம்பளம் ரெண்டாம் பட்சம்.

எங்கள் பக்கத்தில் வேலை என்றால் கையுறைத் தொழிற்சாலை. அது இருக்கும் இடம் முன்பு ரப்பர்த் தோட்டம். அம்மா பிறந்ததே அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில்தான். லயம் இருந்த இடத்தில் இப்போது லோரிகள் நிற்கின்றன. தோட்டத்தில் மிஞ்சியது வேலிக்கு வெளியே ஒரு சின்ன மாரியம்மன் கோயிலும், யாரும் சீவாத பத்துப் பதினைந்து ரப்பர் மரங்களும்தான். ஆட்களைப் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடும் ஒரு கான்ட்ராக்ட் அண்ணன் இருந்தார். ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என் ஐசியை, அடையாள அட்டையை, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒனக்கு இன்னும் பதினெட்டு ஆகலலா," என்றார். "மத்தியானம் ரெண்டரைக்கு ஷிப்ட் ஏறுனா பத்தரைக்குத்தான் எறங்கணும். ஒன்ன எட்டு மணிக்கே வெளிய அனுப்பிருவானுங்க. கஸ்டமர் ஆளுங்க வந்து செக் பண்றாங்க, ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. எனக்கு அரை ஷிப்ட் ஆளு வேணாம்லா."

"அண்ணே, நான் நல்லா வேலை செய்வேண்ணே."

"நீ நல்லா செய்வ. வயசு செய்யணும்ல." ஐசியை நீட்டினார். பிறகு ஏதோ தோன்றிய மாதிரி, "வீட்ல பெரியவ யாரும் இல்லையா? அக்கா கிக்கா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இருக்கா."

அம்மா சாமி மேடைக்குப் போய், அம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, அக்காவின் ஐசியை எடுத்துக்கொண்டு வந்தாள். அது வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. இறப்பைப் பதியப் போன அன்று ஐசியைக் கேட்டபோது, தொலைந்துபோனது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அண்ணன் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சு அசல் நீதான்லா. அக்கா வேலைக்கிப் போறாளா?"

"வீட்லதான் இருக்கா," என்றாள் அம்மா.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் போட்ட கணக்கு சுலபமானது. எட்டு மணிவரை என் பெயரில் ஒரு வருகை அட்டை. எட்டு மணிக்கு நான் வெளியே போனதாக மெஷினில் தட்டிவிட்டு, சாயங்காலப் பகுதிநேர ஆள் என்று அக்காவின் பெயரில் இன்னோர் அட்டையைத் தட்டி உள்ளே வர வேண்டும். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, ஷிப்டுக்கு ஆளும் ஆச்சு. நான் அம்மாவைப் பார்த்தேன். செத்தவள் பெயரில் எப்படி என்று சொல்ல வேண்டியவள் நான்தான். சொல்லவில்லை. அந்த வீட்டைவிட்டு வெளியே போக எனக்கு அவ்வளவு அவசரம்.

அன்று மத்தியானம் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம், அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. நான் அசையாமல் நின்று கேட்டேன்.

"எங்க தோட்டத்துல காலங்காத்தால பெரட்டுல பேர் கூப்புடுவாங்க. பெரிய ஆளுக்கு முழுப்பேரு. எங்கள மாதிரி சின்னதுங்க பால் மங்கு தொடைக்கப் போனா அரைப்பேருன்னு எழுதுவாங்க. அரைநாள் ஆளுன்னு அர்த்தம். ரெண்டு அரைப்பேரு சேந்தா கணக்கெழுதுற கிராணி ஒரு முழுப்பேராப் போட்டுக்குவாரு." கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ ஒரு அரைப்பேரு. அவ ஒரு அரைப்பேரு. சரியாப் போச்சு."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். இதுதான் விலை என்றால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

என் வேலை தண்ணீர் டெஸ்ட். கையுறைகளைக் குழாயில் மாட்டித் தண்ணீர் நிரப்ப வேண்டும். வெள்ளை வெள்ளையாக, விரல்கள் கீழே தொங்க, வரிசையாகக் கைகள் உப்பி நிற்கும். கொஞ்ச நேரம் காத்திருந்து எந்த விரலில் துளி கசிகிறது என்று பார்க்க வேண்டும். பதினெட்டு ஆகாதவர்கள் மஞ்சள் தலையுறை போட வேண்டும், மற்றவர்கள் நீலம். எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லாக்கர் அறைக்குப் போய் மஞ்சளைக் கழற்றிப் பையில் வைப்பேன். முன் கேட்டில் என் அட்டையைத் தட்டிவிட்டு வெளியே வந்து, வேலியை ஒட்டியே நடந்து, அந்தப் பழைய மரங்களையும் கோயிலையும் தாண்டிப் பின் கேட்டுக்குப் போவேன். நீலத் தலையுறையை மாட்டிக்கொண்டு அக்காவின் அட்டையைத் தட்டுவேன். அட்டையில் அக்காவின் ஐசி படம்.

முன் கேட்டுக்கும் பின் கேட்டுக்கும் நடுவே பத்து நிமிஷ நடை. முதல் வாரம் எனக்கு அது ஜாலியாக இருந்தது. ரெண்டாவது வாரத்தில்தான் ஒன்று உறைத்தது. அந்தப் பத்து நிமிஷம் நான் வேலை முடிந்து போய்விட்டவள். அக்கா இன்னும் வராதவள். தொழிற்சாலைக் கணக்கில் அந்த ரோட்டில் யாருமே நடக்கவில்லை. எனக்குப் பேய் பிசாசு பயமெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்த மரங்களுக்குக் கீழே வரும்போது என் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

பின் கேட்டில் ஒரு நேப்பாளக் காவலாளி. நல்ல மனிதர், தெரிந்த நாலு மலாய் வார்த்தையில் எல்லாரோடும் பேசுவார். சில நாள் முன் கேட்டிலும் அவருக்கு வேலை விழும். ஒருநாள் என் அட்டையைப் பார்த்துவிட்டு, முன் கேட்டில் மஞ்சள் தலையுறையோடு போகிற பெண் உன் தங்கச்சியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். முகம் ஒரே மாதிரி இருந்தாலும் நடை வேறு வேறு, தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும் என்றார். அவள் சுருக்காக நடக்கிறாள், நீ வலது காலை இழுத்து நடக்கிறாய் என்றார்.

வலது செருப்பை இழுத்து நடந்தவள் அக்கா. செருப்பு சீக்கிரம் தேய்கிறது என்று அம்மாவிடம் அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. நான் அதை வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை. அவர் சொன்ன பிறகுதான் என் காலைக் கவனித்தேன். பின் கேட்டுக்கு வரும்போது அது இழுத்துக்கொண்டுதான் வந்தது. நேராக வைக்க முயன்றால் தடுக்கியது.

அம்மா ரெண்டு டப்பாவில் சாப்பாடு கட்ட ஆரம்பித்தாள். பச்சை மூடி எனக்கு, ஆறு மணி இடைவேளைக்கு. சிவப்பு மூடி அக்காவுக்கு, எட்டரைக்கு. அக்காவின் டப்பாவில் தினமும் நெத்திலி சம்பல் இருக்கும். எனக்கு அதன் வாடையே ஆகாது, சின்ன வயதிலிருந்து அப்படித்தான். முதல் சில நாள் குப்பையில் கொட்டினேன். வீட்டுக்குப் போனதும், "சாப்டாளா?" என்று அம்மா கேட்பாள். சாப்பிட்டாள் என்பேன். தினமும் பொய் சொல்லப் பிடிக்காமல் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் போனது. ஒருநாள் அம்மா சம்பல் வைக்க மறந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கேண்டீன் சுவரைப் பார்த்துக்கொண்டு, வெறும் சோற்றோடு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குக் கோபம் வந்தது.

வேலை முடிந்து வருகிறவளுக்குக் கதவைத் திறக்கும்போது அம்மா அக்கா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். எட்டு மணிக்கு மேல் வருகிறவள் அக்காதானே. காலையில் எழுப்பும்போது என் பெயர். இந்த ஒழுங்கு முதலில் சரியாக நடந்தது. பிறகு காலையிலும் அக்காவின் பெயர் வர ஆரம்பித்தது. நான் திருத்தினால், "ஆமாலா, நீதான்," என்று சிரித்துவிட்டுப் போவாள். அம்மா சாப்பிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். கீழ்வீட்டு ஆன்ட்டியோடு மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். ரெண்டு வருஷமாக நான் கும்பிட்டுக் கேட்டது அதைத்தான். இப்போது அது கிடைத்தபோது என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

மூன்றாவது மாதம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அண்ணனிடம் எனக்கு உடம்பு முடியவில்லை, எட்டு மணிவரை மட்டும் செய்கிறேன் என்றேன். எட்டரைக்கெல்லாம் வீட்டு வாசலில் நின்றேன். அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் மாடிப்படியைப் பார்த்தாள்.

"அவ எங்க?"

"இன்னைக்கி அவளுக்கு வேலை இல்லம்மா."

அம்மா கதவைச் சாத்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். மறுநாளும் அப்படியே. சோறு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி வாய் மூடிக்கொண்டது. நான் அண்ணனுக்குப் போன் செய்து, எனக்குச் சரியாகிவிட்டது, அக்காவும் வருவாள் என்றேன். பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறித்தான் ஆகணும் என்பார்கள். நான் ஏறினேன். அன்று அம்மா ரெண்டு டப்பாவையும் கழுவித் துடைத்துக் கட்டியதைப் பார்த்தபோது, இதிலிருந்து நான் இறங்கினால் அம்மா போய்விடுவாள், இறங்காவிட்டால் நான் போய்விடுவேன் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பதினேழு வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது.

அதற்கடுத்த மாதம் கேண்டீன் பலகையில் மாதத்தின் சிறந்த ஊழியர் படம் மாட்டினார்கள். அக்காவின் படம். தண்ணீர் டெஸ்ட்டில் மணிக்கு எத்தனை கையுறை பார்க்கிறோம், எத்தனை ஓட்டை பிடிக்கிறோம் என்பதை அட்டை வாரியாக மெஷின் பதிந்துவைக்கும். என் அட்டை சுமார். அக்காவின் அட்டை முதலிடம். எங்கள் வரிசையின் சூப்பர்வைசர் அம்மாவுக்கு விஷயம் தெரியும். அதாவது, ஒரே ஆள்தான் என்பது தெரியும்.

"ஒங்கக்கா கை அவ்ளோ வேகம்லா," என்று கிண்டல் செய்தார். "நீ என்னடி சாயங்காலம் பூரா தூங்குற?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. உயிரோடு இருந்தபோதும் அவள்தான் கெட்டிக்காரி, நான்தான் ரெண்டாவது. செத்த பிறகும் என் கையையே வைத்துக்கொண்டு என்னை ஜெயிக்கிறாள். அந்தப் பாராட்டுக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல் நாலு நாள் லாக்கரில் வைத்திருந்தேன். பிறகு கொடுத்தேன். அம்மா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

அந்தக் கடிதம்தான் வினையானது. சிறந்த ஊழியரைக் கான்ட்ராக்டிலிருந்து எடுத்து கம்பெனியின் சொந்த ஆளாகப் பதிவு செய்வார்கள். ஒருநாள் எட்டே கால் மணிக்கு, நான் நீலத் தலையுறையோடு தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கும்போது, ஒலிபெருக்கியில் அக்காவின் முழுப்பெயரைச் சொல்லி ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அந்தப் பெயர் கூரை முழுக்க ஒலித்தது. அக்கா செத்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் பெயரை இப்படித்தான் சத்தமாகச் சொல்லி, அவள் வீட்டு ஆட்கள் யார் என்று கூப்பிட்டார்கள்.

ஆபீசில் இருந்தவள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள்.

"ஏய், இங்க பாரேன். ஒன் ஐசி நம்பரப் போட்டா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. நீ செத்துட்டேன்னு வருதுடி." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தேதிகூடப் போட்டிருக்கானுங்க. பாத்தியா?"

பார்த்தேன். மெனிங்கால் என்று இருந்தது. இறந்தவர். பக்கத்தில் தேதி, சரியான தேதி. அதற்குக் கீழே அக்காவின் படம், திரையின் கண்ணாடியில் என் முகம்.

"நீ ஒன்னும் டென்ஷன் ஆவாத," என்றாள் அவள். "இது அவங்க தப்பு. நான் லெட்டர் எழுதுறேன், சரி பண்ணிருவாங்க. நீதான் உயிரோட இங்க நிக்கிறியே."

நான் தலையை ஆட்டினேன். நன்றி அக்கா என்றுகூடச் சொன்னேன்.

என்னை உயிர்ப்பிக்கச் சொல்லி அவள் எழுதிய கடிதம் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. அவர்கள் ரெண்டு அட்டையின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ரெண்டு வாரத்தில் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது, என் பெயருக்கு. தாயையோ தகப்பனையோ அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கான்ட்ராக்ட் அண்ணன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அப்பா தெற்கே எங்கேயோ லோரியில் இருந்தார். அம்மாவிடம், வேலை சம்பந்தமாக ஈப்போவுக்குப் போகணும் என்று மட்டும் சொன்னேன். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

காலை பத்து மணி இருக்கும். எண் சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருந்தோம். எங்களைக் கூப்பிட்ட அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஏசி அறை, மேசை மேல் ஒரு பைல், மூலையில் கண்ணாடிக் குவளையில் ஒரு செடி.

"இருங்கோ அம்மா. பயப்பிடாதேங்கோ. உங்களில பிழை பிடிக்கிறதுக்குக் கூப்பிடேல்ல. வேலை குடுத்த ஆக்களைத்தான் நாங்கள் விசாரிக்கிறம். பதினெட்டு முடியாத பிள்ளையை எட்டு மணிக்குப் பிறகு வேலை வாங்கினது பிழை, அவ்வளவுதான்." பைலைத் திறந்தார். "முதல்ல ஒண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு. ரெண்டும் பொண்ணு."

"ரெண்டு பேரும் இப்ப எங்க?"

அம்மா என் தோளில் கையை வைத்தாள். உள்ளங்கை சூடாக இருந்தது.

"பெரியவ இந்தா இருக்கா. சின்னவதான் தவறிப்போச்சு. ரெண்டு வருஷமாச்சு. காச்ச."

முதலில் நான் மெச்சிக்கொண்டேன். அடடா, அம்மா எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். சின்னவள் இல்லையென்றால் வயது குறைந்த ஆளும் இல்லை, கேசும் இல்லை. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே சாமர்த்தியம் எதுவும் இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கிற கடிதத்தைப் பார்க்கும் அதே முகம். என்னைத் தொட்டுக்கொண்டே என்னைப் புதைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்து நான் பயந்தது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

அதிகாரி பைலில் இருந்த இறப்புப் பத்திரத்தின் நகலை எடுத்தார், படித்தார், திரும்பவும் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நீயே சொல்லம்மா. உன்ர பேர் என்ன?"

உண்மையைச் சொல்கிறேன். என் வாயில் முதலில் வந்தது அக்காவின் பெயர். முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் அம்மா சாப்பிடுவாள், மார்க்கெட்டுக்குப் போவாள், எண்ணெய் வைத்துக்கொள்வாள். யாருக்கும் ஒரு குறையும் வராது. நான் ஒருத்திதான் இருக்க மாட்டேன். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. பேனாவை எடுத்தவர் திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

நான் என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரோடு சேர்த்து முழுப்பெயர். வயது பதினேழு என்றேன்.

தோளிலிருந்து அம்மாவின் கை நழுவியது.

"அப்ப பெரியவ?" என்றாள் அம்மா. அதிகாரியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். "பெரியவ எங்க?"

"இல்லம்மா. அக்கா செத்துட்டா."

ரெண்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. தவறிட்டா, போயிட்டா, அவ இருந்தப்ப என்று சுற்றிச் சுற்றிப் பேசுவோம்.

"எப்ப?" என்றாள் அம்மா.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா வாய்விட்டு அலறினாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார்கள். அதிகாரி பைலை மூடினார், கதவைச் சாத்தினார், அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்று அந்த அறையில் யாரும் எங்களிடம் வாக்குமூலம் வாங்கவில்லை. என் அக்கா அன்று காலையில்தான் அம்மாவுக்குச் செத்தாள். அந்தச் செய்தியைச் சொன்னவள் நான். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தமும் உண்டு, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் உண்டு, ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் பெயரைத்தான்.

"யார் யாருக்குச் சொல்லியாச்சு?" என்றாள்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை அசைத்தார். போனை எடுத்து, கோப்பெங்கில் இருக்கும் சித்தியின் நம்பரை அழுத்தினேன். அம்மாவின் கூடப்பிறந்தவள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட்டவள் அவள்தான்.

"சித்தி," என்றேன். "அக்கா தவறிட்டா."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு டிவி நின்றது.

"அம்மா பக்கத்துல இருக்காளா?"

"ம்."

சித்தி ஒரு மூச்சு விட்டாள்.

"எத்தன மணிக்கு எடுக்குறாங்க?" என்றாள். "இந்தா, கெளம்பி வாரேன்."